வீட்டில் பிரித்து மாட்டிய ஷொக்

வீட்டில் பிரித்து மாட்டிய ஷொக் ஒன்று உங்கள் முன்னால் வந்தால் உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள். கொண்டுவந்த ஆளை முதலில் உட்கார வையுங்கள். ஒரு பிளேன்டீ கொடுங்கள். அவர் குடிக்கட்டும். சைக்கிள் எங்கேயும் ஓடிவிடாது.

புதிதாகப் பட்டறைக்கு வந்திருக்கிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எனக்கு எழுத்து வராது. தோட்டப் பள்ளிக்கூடத்தோடு சரி. தொண்ணூறுகளில் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தேன். அதன் பிறகு அட்டனில் இந்தச் சைக்கிள் பட்டறை. வெளிநாட்டுக்காரர்களைத் தோட்டத்துப் பாதைகளில் சைக்கிளில் கூட்டிப்போகும் கொழும்புக் கம்பனி ஒன்று வந்தது. அவர்களுடைய வண்டிகளையும் நான்தான் பார்த்தேன். போல்ட் எப்படிக் கழற்றுவது என்று இங்கே சொல்லப்போவதில்லை. அது உங்கள் கை தானாகப் படித்துக்கொள்ளும். கையால் படிக்க முடியாததைச் சொல்கிறேன்.

சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஷொக் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. மேலே பளபளவென்று இரண்டு குழாய். கீழே இரண்டு கால். குழாய் காலுக்குள் இறங்கி ஏறும். உள்ளே ஸ்பிரிங், கொஞ்சம் எண்ணெய். எண்ணெய் வெளியே வராமலும் மண் உள்ளே போகாமலும் வாயில் ஒரு ரப்பர் சீல். கல்லில் முன்சக்கரம் மோதும்போது அடியை இது வாங்கிக்கொள்ளும், உங்கள் கை தப்பிக்கும். அவ்வளவுதான்.

இதைப் பிரிக்க ஒரு ஸ்பேனரும் தைரியமும் போதும். அதனால்தான் எல்லாரும் வீட்டிலேயே பிரிக்கிறார்கள். நான் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். தன் வண்டியைத் தானே பிரித்துப் பார்க்கிறவனுக்கு வண்டி மேல் பாசம் இருக்கிறது. ஆனால் மாட்டிய பிறகு அது சரியாக வேலை செய்யாதபோது அவனுக்கு வெட்கம் வந்துவிடுகிறது. வெட்கப்படுகிற ஆள் பாதியைத்தான் சொல்வான். தலவாக்கலையில் பேக்கரி வைத்திருந்தவர் ஒருவர் தன் ஷொக்கைக் கொண்டுவந்தார். பகலில் நன்றாக ஓடுகிறது, விடியற்காலையில் கட்டை மாதிரி நிற்கிறது என்றார். என்ன எண்ணெய் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். நல்ல எண்ணெய்தான் என்றார். டீ குடித்து முடிக்கும்போதுதான் தேங்காய் எண்ணெய் என்று வாயைத் திறந்தார். தலவாக்கலைக் குளிரில் தலைக்கு வைக்கிற போத்தலே உறைந்து போகும். ஷொக் என்ன செய்யும்? அவரைப் பார்த்து நான் சிரித்திருந்தால் அவர் மறுபடி வந்திருக்க மாட்டார். நான் சிரிக்கவில்லை. கழுவி மாட்டிக் கொடுத்தேன்.

இனி யோகராஜின் கதை. நான் சொல்ல நினைத்தது முழுக்க அதில் இருக்கிறது.

யோகராஜ் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்து ஆள். அந்தக் கம்பனிக்கு வழிகாட்டியாகப் போவான். கூப்பிட்டால் வேலை, இல்லாவிட்டால் டவுனில் ஒரு கடையில் மூட்டை தூக்குவான். சைக்கிள் அவனுடையது. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் அவனிடம் விட்டுப் போனது. அந்தச் சைக்கிளை அவன் வைத்திருந்த மாதிரி சிலர் பிள்ளையைக்கூட வைத்திருக்க மாட்டார்கள்.

அந்த வருடம் சீசன் தொடங்குவதற்கு முன்னால் கம்பனிக்காரர் ஒரு தலைமை வழிகாட்டியை எடுப்பதாகச் சொல்லியிருந்தார். நிரந்தர வேலை. கேட்டு நின்றது இரண்டு பேர், யோகராஜும் நுவரெலியாக்காரன் ஒருவனும். கம்பனிக்காரரே வந்து ஒவ்வொருவரோடும் தோட்டத்து மேல் டிவிஷனிலிருந்து வட்டவளைப் பக்கம் வரைக்கும் சைக்கிளில் இறங்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டு ஒருவனை எடுப்பார்.

அதற்கு முந்தின நாள் பின்னேரம் யோகராஜ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். கூடவே அவன் மனைவி செல்வி. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நேராக வந்திருந்தாள். தலையில் கட்டின துண்டுகூட அவிழ்க்கவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஷொக்கு எந்திரிக்க மாட்டேங்குதுண்ணே," என்றான்.

பார்த்தேன். முன்பக்கம் தாழ்ந்து நின்றது. ஆள் ஏறாமலே பாதி ஆள் ஏறின மாதிரி. ஹேண்டிலை அமுக்கினேன். இறங்கியது. விட்டேன். கொஞ்சம் ஏறி நின்றுகொண்டது.

"பிரிச்சியா?"

குனிந்து டயரைத் தடவினான்.

"அவரு எங்கண்ணே சொல்லுவாரு," என்றாள் செல்வி. "லயத்து வீட்டுல கட்டிலுக்கு மேல விரிச்சு வச்சுப் பிரிச்சாரு. ரெண்டு நாளு நான் தரையில படுத்தேன்."

"நீ சும்மா இரு."

"நான் சும்மா இருந்தா நாளைக்கி நீங்க சும்மா இருப்பீங்க. அப்பறம் கொழும்புக்குப் பெட்டியக் கட்டுவீங்க."

விஷயம் அதுதான். இந்த வேலை கிடைக்காவிட்டால் அவன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போவதாக ஏற்பாடு. முன்பும் போயிருக்கிறான். தீபாவளிக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை வருவான். இந்த முறை போனால் எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. செல்வி அதை என்னிடம் விவரமாகச் சொல்லவில்லை. 'பெட்டி' என்று சொன்ன குரலில் எல்லாம் இருந்தது.

இரண்டு பேருக்கும் டீ கொடுத்தேன். பிறகு கேட்டேன்.

"என்னென்ன பண்ணுன? முதல்ல இருந்து சொல்லு. திட்ட மாட்டேன்."

சொன்னான். கீழ்க் கால்களைக் கழற்றினான். பழைய எண்ணெயை வெளியே ஊற்றினான். துடைத்தான். என்னிடம் வாங்கிப்போன எண்ணெயைத்தான் ஊற்றினான். சீலுக்குக் கீழே இருக்கும் பஞ்சு வளையத்தைக்கூட எண்ணெயில் நனைத்து வைத்திருந்தான். எல்லாம் சரி. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"அடி போல்ட்ட எப்பிடிப் பூட்டுன?"

"அது எட்டலைண்ணே. எவ்வளவு திருகுனாலும் புடிக்கல. அப்பறம் இவள ஹேண்டில் மேல ஏறி அமுக்கச் சொன்னேன். நல்லா அமுக்குனா. புடிச்சிருச்சு."

"நல்லா அமுக்குனேன்னு ஒத்துக்கிறாரே, அதுவே போதும்," என்றாள் செல்வி.

முதல் குற்றம் அங்கே இருந்தது. ஷொக்கை முழுக்க அமுக்கி வைத்துப் பூட்டினால் உள்ளே இருக்க வேண்டிய காற்று வெளியே போய்விடும். பிறகு அது எழுந்திருக்கப் பார்க்கும்போது உள்ளே வெறுமை பிடித்து இழுக்கும். அதற்கு மருந்து லேசு. பிளாஸ்டிக் பட்டி ஒன்றைச் சீலின் ஓரமாக மெல்ல நுழைத்தேன். உஸ் என்று காற்று உள்ளே போனது. ஷொக் தூக்கத்திலிருந்து எழுகிற மாதிரி நிமிர்ந்தது.

யோகராஜுக்கு முகம் மலர்ந்துவிட்டது. செல்வி கை இரண்டையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"இம்புட்டுத்தானா?" என்றாள். "இதுக்கா ரெண்டு நாளாச் சோறு திங்காம உக்காந்திருந்தீங்க?"

சைக்கிளைப் பிடித்துவிட்டான் யோகராஜ். கிளம்பப் பார்த்தான்.

நீங்கள் நிற்க வேண்டிய இடம் இதுதான், தம்பிமாரே. குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். வண்டிக்காரனுக்குச் சந்தோஷம். வெளியே மழை, நேரம் போகிறது, அடுப்பில் வேலை இருக்கிறது. எல்லாரும் போகலாம் என்று சொல்லுகிற நேரம். அந்த நேரத்தில் ஒருவன் மட்டும் போக வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அது நீங்கள்தான். வீட்டில் பிரித்த வண்டியில் ஒரு குற்றம் கிடைத்தால் இன்னொன்றும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நல்லதுதான். தேடினதில் நட்டம் ஒன்றும் இல்லை.

"ஸ்டேஷன் பக்கத்துப் படியில ஓட்டி எறங்கிட்டு வா," என்றேன். "மெதுவா இல்ல. நாளைக்கி ஓட்டுற மாதிரி ஓட்டு."

போனான். செல்வி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது அவன் ஏறி வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தான். ஒரு செருப்பு பிய்ந்திருந்தது.

"என்னாச்சு?"

"முன் பிரேக்கு புடிக்கலண்ணே. கம்பிய அமுக்குனா கல்லு மாதிரி இருக்கு. ஆனா சக்கரம் நிக்கல. கால ஊனி நிறுத்துனேன். பஸ்ஸுக்காரன் ஏசிட்டுப் போறான்."

பிரேக் கம்பி இறுக்கமாக இருக்கிறது, சக்கரம் நிற்கவில்லை. அப்படியென்றால் பிரேக் பிடிக்கிற தட்டில், டிஸ்க்கில், எண்ணெய் பட்டிருக்கிறது. குனிந்து பார்த்தேன். இடது காலின் வாயில் ஒரு ஈர வளையம். அங்கிருந்து எண்ணெய் கால் வழியாக இறங்கி டிஸ்க் பிரேக்குக்குப் போயிருந்தது. முன்பு ஷொக் தாழ்ந்து கிடந்து சரியாக வேலை செய்யாததால் இது தெரியவில்லை. நான் காற்றை விட்டுச் சரிபண்ணின பிறகுதான் முழுக்க ஏறி இறங்கி எண்ணெயைக் கக்கியிருக்கிறது. படியில் ஓட்டச் சொல்லாமல் அனுப்பியிருந்தால் அது மேல் டிவிஷன் இறக்கத்தில் தெரிந்திருக்கும். அந்த இறக்கத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் ஒன்றும் இல்லை.

வெள்ளைத் துணியால் குழாயைத் துடைத்தேன். சிவப்பும் பழுப்புமாக வந்தது. துரு என்று நினைத்தேன். ஆனால் அந்தக் குழாய் துருப்பிடிக்கிற சாதி இல்லை. துணியை மூக்குக்குக் கொண்டுபோனேன்.

இதைச் செய்யப் பழகுங்கள். எந்த எண்ணெயையும் மோந்து பாருங்கள். மூக்குக்கு வெட்கம் கிடையாது, பாதியை மறைக்காது.

கோயில் வாசம் அடித்தது.

"யோகு," என்றேன். "நீ இன்னும் எல்லாத்தையும் சொல்லலை."

"சத்தியமாச் சொல்லிட்டேண்ணே. பண்ணுன வேலை அம்புட்டுத்தான்."

"வேலைய விடு. பிரிச்சு மாட்டுன பெறகு என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல. ஆயுத பூசைக்காகத்தானே பிரிச்சுத் தொடச்சேன். மாட்டி நிறுத்திட்டேன். பூசையில வச்சோம். மறுநாள்ல இருந்து ஓட்டுறேன்."

செல்வி குறுக்கே வந்தாள். "சும்மா வச்சோம்னு சொல்றீங்களே? நான் எவ்வளவு அழகாப் பொட்டு வச்சேன். அண்ணே, லயத்துல யாரு வண்டியும் அப்பிடி இல்ல. ஹேண்டிலுக்கு மால. அந்த ரெண்டு பளபளா குழா இருக்குல்ல, அதுல விபூதியக் கொழச்சுப் பட்டையா இழுத்து, சந்தனம் வச்சு, மேல குங்குமம். கண்ணு பட்டுரும்னு இடது பக்கம் ரெண்டாவது தடவையும் வச்சேன்."

நான் துணியை விரித்து அந்தக் கறையைக் காட்டினேன்.

"ஏன், என்னா?" என்றாள்.

யோகராஜ் என்னைப் பார்த்தான். பிறகு குழாயைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

பூசையில் வைத்த பொட்டை நம் ஆட்கள் துடைக்க மாட்டார்கள். அது தானாக அழிய வேண்டும். துடைத்தால் குற்றம். அதனால் அவனும் துடைக்கவில்லை. அப்படியே ஓட்டினான். ஷொக் இறங்குகிற ஒவ்வொரு முறையும் காய்ந்த சந்தனமும் சாம்பலும் சீலின் வாய்க்குள் போயின. சாம்பல் என்றால் அதில் பொடி மணல் இருக்கும். இடது பக்கம் இரட்டைப் பூச்சு. குழாயில் நகத்தை ஓட்டினேன். மெல்லிசாக ஒரு கீறல் நகத்தில் தட்டியது. சீலின் உதடும் தேய்ந்திருந்தது.

தொழிற்சாலையில் நாங்களும் பூசை செய்தவர்கள்தான். ரோலருக்கும் மோட்டாருக்கும் பொட்டு வைக்காமல் எந்த வருடமும் போனதில்லை. ஆனால் பிட்டர்மார் வைப்பது மூடி மேல், உடம்பு மேல். ஒன்றோடொன்று உரசுகிற இடத்தில் வைக்க மாட்டோம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, பார்த்துப் பழகினது. கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? அவள் கண்ணுக்குச் சைக்கிளில் அழகான இடம் அதுதான். அழகான இடத்தில் வைத்தாள்.

யோகராஜும் பொய் சொல்லவில்லை. என்ன வேலை செய்தாய் என்று கேட்டேன், வேலையைச் சொன்னான். பூசை அவன் கணக்கில் வேலை இல்லை. கேள்விதான் குறுகலாக இருந்தது. அன்றைக்குப் பிறகு நான் யாரிடமும் என்ன சர்வீஸ் செய்தாய் என்று கேட்டதில்லை. வீட்டுக்குள் போன நேரத்திலிருந்து இங்கே வந்து நிற்கிற வரைக்கும் வண்டிக்கு என்னென்ன நடந்தது என்றுதான் கேட்பேன். பிள்ளை ஏறி விளையாடியதா, மாடு நக்கியதா, எல்லாம் வரட்டும்.

"நான் கெடுத்துட்டேனா?" என்றாள் செல்வி. குரல் இறங்கியிருந்தது.

"இல்ல தங்கச்சி. சீலு தேஞ்சிருக்கு. எந்த வண்டிக்கும் தேயும்."

"புதுசு மாட்டலாமா?"

"கொழும்புல இருந்து வரணும். நாளைக்குள்ள வராது."

மழை கூடியது. தகரத்தில் சடசடவென்று விழுந்தது. பிறகு யோகராஜ் சொன்னான்.

"அண்ணே, டிஸ்க்கத் தொடச்சு, பிரேக்குக் கட்டைய மாத்திக் குடுங்க. ஷொக்குக் காலுல துணியச் சுத்திக்கிறேன். ஒரு எறக்கம்தானே. ஓட்டிருவேன்."

"மாட்டேன்."

"ஒரே ஒரு எறக்கம்ணே."

"அந்த ஒரு எறக்கத்துலதான் விழுவ."

"விழுந்தா நான்தானே விழுவேன்?"

"உன் பின்னால கம்பனி மாத்தயா வருவாரு. நீ விழுந்தா அவரும் உன் மேல விழுவாரு."

கோபம் வந்துவிட்டது அவனுக்கு. "உங்களுக்கென்ன, வேலை இருக்கு. பேசுவீங்க. குடுங்க, நானே மாட்டிக்கிறேன்," என்று என் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடித்தான். நான் விடவில்லை. அவன் என்னைவிடப் பலசாலி. இழுத்திருந்தால் போயிருக்கும்.

செல்விதான் அவன் கையை எடுத்தாள். "கொழும்புக்குப் போனாலும் போங்க," என்றாள். "பஸ்ஸுல போயிட்டு பஸ்ஸுல வருவீங்க. நாலு பேரு ஒங்களத் தூக்கிக்கிட்டு வர வேணாம்."

நமக்குப் பிடித்தவனிடம் முடியாது என்று சொல்வது கஷ்டம். அவன் பிழைப்பு அதில் தொங்கும்போது இன்னும் கஷ்டம். இரக்கப்பட்டு மாட்டிக் கொடுக்கத் தோன்றும். தோன்றட்டும், மாட்டாதீர்கள். ஆனால் முடியாது என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது. முடியாது என்று சொன்னவனுக்கு அடுத்த வழியைத் தேடுகிற கடமை இருக்கிறது.

கம்பனிச் சைக்கிள்கள் சீசனுக்குத்தான் கொழும்பிலிருந்து வரும். அன்றைக்குப் பட்டறையில் ஓடுகிற வண்டி ஒன்றும் இல்லை. உத்தரத்தில் முன்சக்கரத்தைப் பிடிக்கிற பழைய இரும்புப் போர்க் ஒன்று தொங்கியது. ஷொக் கிடையாது. இரண்டு இரும்புக் கால், அவ்வளவுதான். அதற்கேற்ற பழைய சக்கரமும் இருந்தது. அதில் டிஸ்க் மாட்ட முடியாது. சக்கர வளையத்தைப் பிடிக்கிற பழைய மாதிரி ரப்பர் பிரேக். ஆனால் பிடிக்கும். சந்தேகமே இல்லாமல் பிடிக்கும்.

இறக்கிக் காட்டினேன். யோகராஜ் அதைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது.

"இதுலயா? மாத்தயா சிரிப்பாரு."

"சிரிக்கட்டும். நீ முழுசா வந்து சேருவ."

"அந்த நுவரெலியாக்காரன் புது ஷொக்குல பறப்பாண்ணே."

"பறக்கட்டும்."

மாட்டிக் கொடுத்தேன். அவன் நன்றி சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

மறுநாள் மழை விட்டிருந்தது. கம்பனிக்காரர் வேனில் வந்தார். சிங்கள ஆள். நல்ல மனிதர், ஆனால் அதிகம் பேச மாட்டார். தன் சைக்கிளை வேனிலேயே கொண்டுவந்திருந்தார். அவரையும் நுவரெலியாக்காரனையும் மேலே இறக்கிவிட்டு, வேனோடு நானும் யோகராஜும் கீழே வட்டவளைப் பக்கம் வந்து காத்திருந்தோம்.

முதலில் நுவரெலியாக்காரன். மலைச் சரிவில் தேயிலைக்கு நடுவே புள்ளியாகத் தெரிந்தான். என்ன வேகம். பார்க்க அழகாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. கற்கள் மேல் அலை மாதிரி வந்து, வேன் பக்கத்தில் சக்கரம் சறுக்கி நின்றான். மூச்சு வாங்கவில்லை.

"மாத்தயா எங்க?" என்றேன்.

திரும்பிப் பார்த்தான். "பின்னாலதான் வந்தாரு."

காத்திருந்தோம். வரவில்லை. வேன் டிரைவர் பீடி ஒன்றைப் பற்றவைத்தார், முடித்தார். அப்புறம் ஒரு கொழுந்து லொறி வந்து நின்றது. பின்னால் சாக்குகளுக்கு மேல் கம்பனிக்காரர் உட்கார்ந்திருந்தார். மடியில் சைக்கிள். தலை நிறையக் கொழுந்து இலை. பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் இவனைக் காணாமல் வேறு பக்கம் போயிருக்கிறார். கடைசியில், தொழிலாளர்கள் காலையில் பெயர் கொடுக்கக் கூடும் பெரட்டுக் களத்தில் போய் நின்றிருக்கிறார். அங்கே இருந்த பெண்கள்தான் லொறியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

நுவரெலியாக்காரனை அவர் ஏசவில்லை. இலைகளைத் தட்டினார். தண்ணீர் குடித்தார். "அடுத்த ஆள்," என்றார்.

யோகராஜும் அவரும் வேனில் மேலே போனார்கள். போகும்போது அவர் அந்த இரும்புப் போர்க்கைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

இந்த முறை காத்திருப்பு நீண்டது. என்னால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. பிறகு தெரிந்தார்கள். இரண்டு புள்ளி. ஒன்றுக்கொன்று பக்கத்தில். கொஞ்சம் வருவார்கள், நிற்பார்கள். யோகராஜ் கையை நீட்டி எதையோ காட்டுவான். அவர் பார்ப்பார். மறுபடி வருவார்கள். அடுத்த வளைவில் மறுபடி நிற்பார்கள். ஊர்வலம் மாதிரி இருந்தது. போச்சு என்று நினைத்தேன்.

கீழே வந்தபோது கம்பனிக்காரர் கையில் பாதி தின்ற கொய்யா. முகம் தெளிவாக இருந்தது.

"பாஸ்," என்று என்னைக் கூப்பிட்டார். கைவேலைக்காரரைச் சிங்களத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "இவன் ஏன் இந்தப் பழைய போர்க்கில் வந்தான்?"

அது யோகராஜ் சொல்ல வேண்டியது. என்ன சொல்வான் என்று பார்த்தேன்.

தெரிந்த சிங்களத்தில் சொன்னான். "வீட்டுல நானே பிரிச்சேன் மாத்தயா. மாட்டினதுல பிழை. எண்ணெய் பிரேக்குக்கு வந்துருச்சு. அதுல ஓட்டக் கூடாதுன்னு பாஸ் சொன்னார். அதனால ஓட்டல."

மனைவி பெயரை எடுக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது.

"சண்டை போடலையா?" என்று கேட்டார் அவர்.

"போட்டேன்," என்றான்.

அவர் சிரித்தார். முதல் தடவையாக. பிறகு சொன்னார். "வளைவுக்கு வளைவு நின்று நான் வருகிறேனா என்று பார்த்தான். இந்த மலையை இத்தனை வருடமாகச் சைக்கிளில் சுற்றுகிறேன், இன்றைக்குத்தான் பார்த்தேன். வருகிறவர்களுக்கு இப்படி ஒருவன்தான் வேண்டும். சீசனுக்கு முன்னால் அந்த ஷொக்கைச் சரிபண்ணிக் கொடுங்கள்."

வேனுக்குள் போய்விட்டார். அவ்வளவுதான் பேச்சு. வேலை கிடைத்துவிட்டது.

யோகராஜ் என் பக்கம் வந்தான். இரண்டு கையையும் நீட்டினான். விரல்கள் மடங்க மறுத்தன. உள்ளங்கையில் கொப்புளம்.

"அண்ணே," என்றான் தணிந்த குரலில். "அவரப் பாக்கவா நின்னேன்? கை மரத்துப் போச்சு. நிக்கலைன்னா ஹேண்டில் கழண்டு வந்திருக்கும். சும்மா நின்னா அசிங்கமா இருக்குமேன்னு அங்க பாருங்க அருவி, இங்க பாருங்க ரயிலுன்னு காட்டிக்கிட்டே வந்தேன்."

"கொய்யா?"

"அது கடைசி வளைவு. அதுக்கு மேல காட்ட ஒண்ணும் இல்ல. மரத்துல ஏறிப் பறிச்சுக் குடுத்தேன்."

நான் சிரித்த நாட்கள் குறைவு. அன்றைக்குச் சிரித்தேன்.

பின்னேரம் செல்வி பட்டறைக்கு வந்தாள். அவனைக் காணவில்லை, டவுனில் யாருக்கோ சொல்லப் போயிருந்தான். வாசலிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை.

"கொழும்பா?" என்றாள்.

"இல்ல," என்றேன். "இங்கதான்."

முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் வேறு பக்கம் திரும்பி, சுத்தமாக இருந்த ஒரு சக்கரத்தைத் துடைத்தேன். கொஞ்சம் கழித்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நடந்ததை எல்லாம் சொன்னேன். லொறி, கொய்யா, மரத்துப்போன கை, எல்லாம். கேட்டு முடித்ததும் அவளுக்குப் பழைய குரல் வந்துவிட்டது.

"அப்ப, ஷொக்கு நல்லா இருந்திருந்தா அவரும் பறந்திருப்பாரு. மாத்தயா மறுபடியும் லொறியிலதான் வந்திருப்பாரு. அப்பிடித்தானே?"

"அப்பிடித்தான்."

"பொட்டு வச்சது யாரு?"

தொழிற்சாலையிலும் பட்டறையிலும் எத்தனையோ பேரிடம் எது பிழை, எது சரி என்று சொல்லியிருக்கிறேன். இந்தப் பொட்டை எதில் சேர்ப்பது?

"அடுத்த வருசம் ஹேண்டில்ல மட்டும் வைய்யி," என்றேன்.

சீலும் குழாயும் கொழும்பிலிருந்து வந்தன. சீசனுக்கு முன்னால் மாட்டிக் கொடுத்தேன். பட்டறையிலேயே, அவனையும் கூட வைத்துக்கொண்டு, அவன் கையாலேயே பூட்ட வைத்தேன். ஷொக் வெண்ணெய் மாதிரி வேலை செய்தது. பறக்கலாம். ஆனால் அந்தச் சீசன் முழுக்க, அதற்குப் பிறகு வந்த சீசன்களிலும், மேல் டிவிஷனிலிருந்து இறங்கும்போது அவன் ஒவ்வொரு வளைவிலும் நின்றான். வலிக்காத கையை உதறிக்கொண்டு, பின்னால் வருகிறவர்களைத் திரும்பிப் பார்த்தான்.